மருத்துவ ரிப்போர்ட்டில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிக்கும் முறை

டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் வருகிற நீளமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. அதே துண்டுகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

படி 1: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

எழுதியிருப்பது நோயா, பரிசோதனையா, அறுவை சிகிச்சையா என்பதைப் பின்னொட்டு சொல்லிவிடும். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘ஸ்கோபி’ என்றால் கருவியை விட்டு உள்ளே பார்ப்பது. ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுப்பது. ‘ஆட்டமி’ என்றால் வெட்டித் திறப்பது. கடைசி இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும், கவனம் தேவை. லேப்பராட்டமியில் வயிற்றைத் திறக்கிறார்கள். அப்பெண்டெக்டமியில் குடல்வாலையே எடுத்துவிடுகிறார்கள்.

படி 2: உறுப்பைத் தேடுங்கள்

மிச்சமிருப்பது பெரும்பாலும் உறுப்பின் பெயர். கேஸ்ட்ர் என்றால் இரைப்பை, ஹெபட் கல்லீரல், நெஃப்ர் சிறுநீரகம், ஆர்த்ர் மூட்டு, கார்டி இதயம். இப்போது ஒட்டிப் பாருங்கள்: ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி, நெஃப்ரெக்டமி சிறுநீரகத்தை அகற்றுவது.

சரி, கேஸ்ட்ரோஸ்கோபியில் நடுவே வரும் ‘ஓ’ எதற்கு? அதற்குத் தனிப் பொருள் கிடையாது. தமிழில் இரண்டு உயிர்களைச் சேர்க்க உடம்படுமெய் வருகிறது அல்லவா, அதுபோல இங்கே இரண்டு மெய்களைச் சேர்க்க ஓர் உயிர் வருகிறது. அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் அது பெரும்பாலும் விழுந்துவிடும். அதனால்தான் கேஸ்ட்ரைட்டிஸில் ‘ஓ’ இல்லை.

படி 3: முன்னொட்டை நிதானமாகப் படியுங்கள்

மற்ற எதையும்விட இங்கே நிதானம் வேண்டும். ‘ஹைப்பர்’ என்றால் அதிகம், ‘ஹைப்போ’ என்றால் குறைவு. கிளைஸ் சர்க்கரை, ஈமியா ரத்தத்தில் இருக்கும் நிலை. ஆக, ஹைப்பர்கிளைசீமியா ரத்தத்தில் சர்க்கரை கூடிய நிலை. ஹைப்போகிளைசீமியா குறைந்த நிலை, பொதுவாக டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே. முன்னதற்குச் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், பின்னதற்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இந்த இரண்டையும் கட்டாயம் பிரித்தறியப் பழகுங்கள்.

படி 4: விதிவிலக்குகளை எதிர்பாருங்கள்

‘ஓமா’ என்று முடிந்தால் பெரும்பாலும் கட்டி. லிப்போமா கொழுப்புக் கட்டி, அது புற்றுநோய் அல்ல. ஆனால் ஹீமட்டோமா ரத்தம் கசிந்து தேங்கியது. கிளாக்கோமாவோ கண் நரம்பைப் பாதிக்கும் நோய், அதில் கட்டியே இல்லை. வாலை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சொல்லின் பொருள்தான் இப்படித் தெரியும், நோயின் தீவிரத்தை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், பயிற்சிக்கு ஒரு சொல்: பெரிகார்டைட்டிஸ். ‘பெரி’ என்றால் சுற்றி. மற்ற இரண்டு துண்டுகளும் மேலே இருக்கின்றன. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி என்று வந்ததா? ‘எண்டோ’ என்றால் உள்ளே. இனி எண்டோகார்டைட்டிஸை நீங்களே பிரித்துப் பாருங்கள்.