தேங்க்ஸ்கிவிங்கில் பரங்கிக்காய் பை இல்லாத வருடம்: அமெரிக்க விருந்துக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்க்ஸ்கிவிங் என்றால் என்ன என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால், இங்கே இருக்கும் நம்மவர்கள் சட்டென்று சொல்லும் பதில் ஒன்று உண்டு: "அமெரிக்காக்காரங்க பொங்கல்." நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுவடை, நன்றி, குடும்பத்தோடு சாப்பாடு. போனில் அம்மாவுக்குச் சொல்ல அது போதும். பிள்ளைகளுக்குச் சொல்லவோ, தமிழ்ப் பள்ளி ஆண்டு மலரில் எழுதவோ போதாது. பொங்கலுக்குச் சூரியன் மகர ராசிக்குள் போனால் போதும். தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒரு ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அதுவும் உள்நாட்டுப் போருக்கு நடுவில்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, நவம்பர் மாதம் ஒருநாள் கறுப்புக் காகிதத் தொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். தொப்பியின் நெற்றியில் மஞ்சள் காகிதத்தில் ஒரு பெரிய பக்கிள். வகுப்பில் பாதிப் பேருக்குத் தொப்பியாம், மீதிப் பேருக்கு இறகாம். "இவங்கதான்பா தேங்க்ஸ்கிவிங்கைக் கண்டுபிடிச்சாங்க" என்றாள். எனக்குத் திருத்தத் தெரியவில்லை. அந்தப் பக்கிள் தொப்பியே 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் மாட்டிவிட்டது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. படிக்கப் படிக்க, நான் சொல்லிவந்த மற்ற கதைகளும் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. அவற்றில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1621-ஐ "முதல் தேங்க்ஸ்கிவிங்" என்பது

1620-ல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வந்து, இன்றைய மாசசூசெட்ஸின் பிளிமத்தில் குடியேறியவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். 1621 இலையுதிர் காலத்தில் பிளிமத்தில் மிச்சமிருந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். அறுவடை முடிந்தபின் அவர்கள் ஒரு விருந்து வைத்தது உண்மை. அதை நேரில் பார்த்தவர் எட்வர்ட் வின்ஸ்லோ. அவர் அந்த டிசம்பரில் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதத்தில் விருந்தைப் பற்றி வருவது ஒரே ஒரு பத்திக்குள் அடங்கும். நாலு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார்கள். ஒரே நாளில், ஊருக்கே ஏறக்குறைய ஒரு வாரம் வருகிற அளவு அடித்து வந்தார்கள். துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. அந்தப் பகுதியின் பழங்குடிகளான வம்பனோவாக் மக்களின் தலைவர் மஸ்ஸசாய்ட் தொண்ணூறு பேரோடு வந்தார். மூன்று நாள் விருந்து. வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இதில் "நன்றி நாள்" என்ற பேச்சே கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு நன்றி நாள் என்றால் கோயிலில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்யும் நாள். துப்பாக்கி சுட்டு விளையாடும் நாள் இல்லை. அடுத்த வருடம் அதே தேதியில் இதைத் திரும்பக் கொண்டாடவும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். விருந்துக்கு வந்தவர்கள் தொண்ணூறு, வைத்தவர்கள் ஐம்பது. எந்தப் பள்ளிக்கூடப் படத்திலாவது இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறீர்களா? நீளமான மேசை, அதைச் சுற்றி வெள்ளைக்காரர்கள், ஓரத்தில் இறகு வைத்த இரண்டு மூன்று பேர்; படம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

"முதல் தேங்க்ஸ்கிவிங்" என்ற பட்டம் 1841-ல் வந்தது. அலெக்சாண்டர் யங் என்ற பாஸ்டன் பாதிரியார் அந்தக் கடிதத்தை மறுபதிப்புச் செய்தபோது, அடிக்குறிப்பில் அப்படி எழுதிவைத்தார். ஓர் அடிக்குறிப்பு பண்டிகைக்குத் தலபுராணம் ஆன கதை இது.

பண்டிகையை உண்மையில் நிலைநிறுத்திக் காட்டியவர் சாரா ஜோசஃபா ஹேல். "மேரியிடம் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது" என்ற குழந்தைப் பாட்டை எழுதியவரும் இவர்தான். பெண்கள் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்துகொண்டு, 1846 முதல் தலையங்கம் எழுதியும், ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் போட்டும், நாடு முழுவதும் ஒரே நாளில் நன்றி நாள் வேண்டும் என்று விடாமல் கேட்டார். 1863 செப்டம்பரில் லிங்கனுக்கு எழுதியபோது அவருக்கு வயது 74. உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி லிங்கனின் அறிவிப்பு வந்தது: நவம்பர் கடைசி வியாழன். வயல், சுரங்கம், போர், விதவைகள், அநாதைகள் எல்லாம் அந்த அறிவிப்பில் உண்டு. பிளிமத் இல்லை, மேஃபிளவர் இல்லை.

கடைசி வியாழன் எப்படி நான்காவது வியாழன் ஆனது என்பது தனி வேடிக்கை. 1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். கடைசி வியாழன் 30-ஆம் தேதி விழுந்ததால் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் குறைகிறது என்று கடைக்காரர்கள் புலம்ப, ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் நகர்த்திவிட்டார். பாதி மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சில மாநிலங்கள் இரண்டு வியாழனையும் கொண்டாடின! 1941 டிசம்பரில் காங்கிரஸ் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடித்துவைத்தது. ஆகவே "நானூறு வருடமாக நவம்பர் நான்காம் வியாழனில்" என்று எழுதாதீர்கள்.

இன்றைய இலையை அன்றைக்குப் போடுவது

வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரி சாஸ், பரங்கிக்காய் பை (pie என்கிற மாவுப் பண்டம்). இந்த இலையை அப்படியே 1621-க்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. உருளைக்கிழங்கு அப்போது அந்தக் கரைக்கு வந்து சேரவில்லை. பரங்கிக்காய் இருந்தது, பைதான் இல்லை. பை சுட மாவும் வெண்ணெயும் வேண்டும். பிளிமத்துக்கு மாடுகள் வந்ததே 1624-ல். கிரான்பெரி காட்டில் காய்த்துக் கிடந்திருக்கும், ஆனால் அதன் புளிப்பை அடக்கும் அளவுக்குச் சர்க்கரைக்கு எங்கே போவது? அந்த வருடம் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது, பார்லி சுமார், பட்டாணி பறிக்கக்கூட லாயக்கில்லை என்று வின்ஸ்லோவே எழுதியிருக்கிறார்.

(பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமான காய். நம் ஊருக்குக் கப்பலில் வந்தது. பேரிலேயே பரங்கி உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள்.)

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் இப்போது பரவிவருகிறது: "1621-ல் வான்கோழியே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை." வின்ஸ்லோ "பறவைகள்" என்று மட்டும் எழுதினார், எந்தப் பறவை என்று சொல்லவில்லை. அதனால் மேசையில் வான்கோழி இருந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் காலனியின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட், அந்த இலையுதிர் காலத்தில் காட்டு வான்கோழிகள் நிறையக் கிடைத்தன என்று எழுதிவைத்திருக்கிறார். இருந்திருக்கலாம் என்று சொல்லுங்கள், போதும். மேசையின் நடுநாயகமாக அது உட்கார்ந்தது பின்னால்தான். அதிலும் சாரா ஹேலுக்குப் பங்கு உண்டு. 1827-ல் அவர் எழுதிய நாவலில் வரும் நன்றி நாள் விருந்தில் மேசைத் தலைமாட்டில் இருப்பது வறுத்த வான்கோழி.

பறவையின் பெயரை வைத்து அதன் ஊரைத் தீர்மானிப்பதும் ஆபத்து. ஆங்கிலத்தில் அதற்குத் துருக்கி என்று பெயர். துருக்கிக்காரர்கள் "ஹிந்தி" என்கிறார்கள். டச்சுக்காரர்கள் "கல்கூன்", அதாவது நம் பக்கத்துக் கோழிக்கோட்டுக் கோழி. பறவையோ மெக்சிகோவில் வளர்ப்புக்கு வந்தது. ஆளாளுக்கு அடுத்தவன் ஊர் என்று கை காட்டியிருக்கிறார்கள்.

கதையைக் கப்பல் வந்த நாளில் தொடங்குவது

"அமெரிக்கப் பழங்குடிகள் வந்து விதைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறோமே, அந்த வரியில் இருப்பவர் டிஸ்குவாண்டம். 1614-ல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைக் கடத்திக்கொண்டு போய் ஸ்பெயினின் மலாகாவில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து எப்படியோ லண்டன் போய், 1619-ல் ஊர் திரும்பினார். ஊர் இருந்தது, ஆட்கள் இல்லை. ஐரோப்பியர்களோடு வந்த கொள்ளைநோயில் அவருடைய பதுக்ஸெட் கிராமம் மொத்தமாகச் செத்துப்போயிருந்தது. அந்த வெற்று ஊரில்தான் அடுத்த வருடம் மேஃபிளவர்காரர்கள் வீடு கட்டினார்கள். "முன்பின் தெரியாதவர்களிடம் அவர் ஆங்கிலத்தில் பேசினார்" என்று ஆச்சரியத்தோடு எழுதுபவர்கள், அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கதையை விருந்தோடு முடிப்பதும் அதே தவறின் மறுமுனை. மஸ்ஸசாய்ட்டின் மகன் மெட்டாகாம் 1675-ல் காலனிகளை எதிர்த்துப் போரிட்டார். 1676-ல் கொல்லப்பட்டார். அவர் தலையைக் கம்பத்தில் குத்திப் பல வருடம் வைத்திருந்த ஊர் அதே பிளிமத்.

வம்பனோவாக் மக்களை இறந்தகாலத்தில் மட்டும் எழுதுவது இன்னொன்று. மாசசூசெட்ஸின் மாஷ்பியிலும் அக்கினாவிலும் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1970-ல் அவர்களில் ஒருவரான வம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸை ஒரு விழாவில் பேச அழைத்துவிட்டு, அவர் எழுதிய உரையைப் பார்த்தபின் வேண்டாம் என்றார்கள். அன்று முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பிளிமத்தின் கோல்ஸ் ஹில்லில் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள்.

அதற்காக, "1637-ல் பீக்வாட் மக்களைக் கொன்றதைக் கொண்டாடத்தான் இந்தப் பண்டிகை" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். மிஸ்டிக்கில் நடந்த அந்தப் படுகொலை உண்மை. ஆனால் இன்றைய பண்டிகை வந்த வழி நியூ இங்கிலாந்தின் இலையுதிர்கால நன்றி நாட்கள், ஹேல், லிங்கன்.

சின்னச் சின்ன வழுக்கல்கள்

ஜூலை 4 அன்று சுதந்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பார்கள். ஓட்டுப் போட்டது 1776 ஜூலை 2. நாலாம் தேதி ஏற்றது பிரகடனத்தின் வாசகத்தை. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. இனிமேல் மக்கள் ஜூலை 2-ஐத்தான் கொண்டாடுவார்கள் என்று, ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார், பாவம்.

சான்டாவுக்குச் சிவப்பு அங்கி போட்டது கோகோ கோலா என்பது கேட்கச் சுவையான கதை. அந்தக் கம்பெனி விளம்பரங்கள் 1931-ல் அவரைப் பரப்பின, அவ்வளவுதான். தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூனிஸ்ட் 1860-களிலிருந்தே குண்டுத் தாத்தாவை வரைந்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் கிறிஸ்துமஸும் ஆதிகாலத்திலிருந்து வருவதில்லை. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்!

சிங்கோ டி மாயோ (மே 5) மெக்சிகோவின் சுதந்திர தினம் இல்லை. 1862-ல் பியூப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். சுதந்திர தினம் செப்டம்பர் 16. இதைக் கலந்துவிட்டு மெக்சிகோக்காரர் ஒருவருக்கு நான் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன். மனிதர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

சமைத்தவரை விட்டுவிட்டு வீட்டுக்காரரை எழுதுவது

எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது இதுதான். "மக்ரோனி அண்ட் சீஸை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ஜெஃபர்சன்." ஜெஃபர்சன் அடுப்புப் பற்றவைத்த ஆள் இல்லை. 1784-ல் அவர் பாரிஸுக்குப் போனபோது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற தம் அடிமையைக் கூட்டிச்சென்று பிரெஞ்சுச் சமையல் பழகவைத்தார். திரும்பி வந்து அந்த வீட்டு விருந்துகளைச் சமைத்தது ஹெமிங்ஸ். விடுதலை கேட்டபோது, முதலில் இன்னொருவருக்குச் சமையலைக் கற்றுக்கொடு என்று நிபந்தனை. தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு 1796-ல் வெளியே வந்தார்.

தென் மாநிலங்களில் புத்தாண்டன்று சாப்பிடும் ஹாப்பின் ஜான் என்ற பயறுச் சோறும் இப்படித்தான். சாப்பிட்டால் அந்த வருடம் காசு வரும் என்று நம்பிக்கை. அதன் பழைய அச்சுக் குறிப்பு ஒன்று 1847-ல் சார்ல்ஸ்டனில் வந்த சமையல் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் சாரா ரட்லெட்ஜ்; சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரின் மகள். அந்த மாதிரி வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் அடிமைகள். நெல் விளைவித்தவர்களும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட, நெல் தெரிந்த மக்களும் அவர்கள் சந்ததியும். பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊர்த் தட்டைப்பயறின் இனம்தான்.

குறிப்பு இப்படிப் போகிறது: பன்றி இறைச்சி ஒரு பவுண்டு, சிவப்புப் பயறு ஒரு பைன்ட், அரிசி ஒரு பைன்ட். பயறை முதலில் போட்டு, பாதி வெந்ததும் இறைச்சியைச் சேர்க்க வேண்டும். பயறு நன்றாக வெந்தபின் அரிசி. அரிசியைப் போடும் முன் கழுவி, கல் அரித்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் கொதித்ததும் பானையை அடுப்பிலிருந்து இறக்கித் தணல் மேல் வைத்து ஆவியில் புழுங்கவிட வேண்டும்.

"கல் அரித்து" என்ற இடத்தில் நான் நிறுத்தி, இன்னொரு முறை படித்தேன். என் பாட்டி முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு சட்டிகளுக்கு நடுவே தண்ணீரோடு அரிசியைச் சாய்த்துச் சாய்த்து, அடியில் தங்கும் கல்லைக் கடைசிக் கையளவில் விட்டுவிடுவாள். சார்ல்ஸ்டனில் அதைச் செய்த பெண்ணின் பெயரை அந்தப் புத்தகம் எழுதிவைக்கவில்லை.