லேடெக்கில் சைன் ஏன் சாய்ந்து நிற்கிறது?

தரமணியில் டைப்செட்டிங் வேலை. வெளிநாட்டு ஜர்னல்களுக்கு வரும் கணிதக் கட்டுரைகளை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் சரிசெய்து ப்ரூஃப் அனுப்புகிறோம். நன்றாக எழுதிய கட்டுரையில்கூட ஃபங்ஷன் பெயர்கள் கோணலாகக் கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கணித மோடில் பேக்ஸ்லாஷ் இல்லாமல் சைன் என்று அடித்தால், லேடெக்குக்கு அது எஸ், ஐ, என் என்ற மூன்று மாறிகளின் பெருக்கல், அதனால் மூன்றையும் சாய்த்துப் போடும். பேக்ஸ்லாஷ் சேர்த்தால் எழுத்து நிமிரும், பின்னால் வரும் எக்ஸுக்கு முன் ஒரு மெல்லிய இடைவெளியும் தானாக வரும்.

அந்த இடைவெளியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மேத்ஆர்எம் என்ற எழுத்துருக் கட்டளை போட்டால் எழுத்து நிமிரும், ஆனால் எக்ஸ் வந்து ஒட்டிக்கொள்ளும். சரி என்று கையால் இடைவெளி திணித்தால், அப்புறம் எக்ஸ் இருந்த இடத்தில் அடைப்புக்குறி வரும்போது அது துருத்திக்கொண்டு நிற்கும். பேக்ஸ்லாஷ் சைன் போன்ற முறையான ஆபரேட்டர் என்றால் எழுத்துக்கு முன் இடம் விடும், அடைப்புக்குறிக்கு முன் விடாது.

டெக்ஸ்ட் கட்டளை இன்னும் மோசம், சுற்றியுள்ள எழுத்துருவை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஒரு கட்டுரையில் டிரேஸ் என்ற ஃபங்ஷனைக் குறிக்கும் டிஆர் பத்தியில் நிமிர்ந்தும், நாலு வரி தள்ளித் தேற்றத்துக்குள் சாய்ந்தும் இருந்தது. தேற்றத்தின் வாசகமே சாய்வெழுத்து என்பதால் வந்த வினை.

லாக், லிம், டெட் எல்லாம் லேடெக்கிலேயே உண்டு. டிரேஸ், ரேங்க் கிடையாது. ஏஎம்எஸ்மேத் பேக்கேஜைச் சேர்த்து, ஒரே இடத்தில் வரும் பெயருக்கு ஆபரேட்டர்நேம் போடுங்கள், அடிக்கடி வருவதை டிக்ளேர்மேத்ஆபரேட்டர் கொண்டு அறிவித்துவிடுங்கள். அந்த அறிவிப்பு பிரியாம்பிளில், அதாவது ஆவணம் தொடங்குவதற்கு முந்தைய பகுதியில்தான் இருக்க வேண்டும், நடுவில் எழுதினால் எரர் வரும்.

ஆர்க்மேக்ஸ் என்ற ஃபங்ஷன் பெயரை ஆர்க், மேக்ஸ் என்று இரண்டு கட்டளையாக எழுதாதீர்கள். தனிவரிச் சமன்பாட்டில் கீழே வரும் குறியீடு மேக்ஸுக்கு அடியில் மட்டும் போய் உட்காரும். டிக்ளேர்மேத்ஆபரேட்டரோடு நட்சத்திரக் குறி சேர்த்து ஒரே பெயராக அறிவித்தால் முழுப் பெயருக்கும் நடுவில் வரும்.

தீசிஸை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றால், அவசரத்தில் எல்லா சைனையும் ஃபைண்ட் ரீப்ளேஸில் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். யூசிங், பிசினஸ் போன்ற ஆங்கிலச் சொற்களுக்குள்ளும் அதே எஸ், ஐ, என் வரிசையாக இருக்கிறது, அங்கேயும் பேக்ஸ்லாஷ் நுழைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.