மூன்று குழி, மூன்று சோதனை ஆகாது: கோடை ஆய்வுக்குப் போகும் பள்ளி மாணவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன் பிறந்ததும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நடமாடத் தொடங்குவார்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.சின் கீழுள்ள என்.ஐ.டி.டி.கே. (நீரிழிவு, சிறுநீரக நோய்க் கழகம்) நடத்திய ஸ்டெப்-அப், தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் க்யூர், அமெரிக்க வேதியியல் சங்கம் 1968 முதல் நடத்திவரும் ப்ராஜெக்ட் சீட் போன்றவை இதற்கான வாசல்களாக இருந்துவந்தவை. அறிவியலில் ஆள் குறைவாக இருக்கும் சமூகங்களையும் கையில் காசு குறைந்த குடும்பங்களையும் மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவை. எட்டு முதல் பத்து வாரம், முழுநேர வேலை, உதவித்தொகை உண்டு.

கையுறை போடு, நேரத்துக்கு வா, போனை உள்ளே வை என்பதெல்லாம் முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே மறுபடி சொல்லவில்லை.

‘சிறுபான்மை’ என்ற சொல்லை மட்டும் பார்ப்பது

அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலர் தடுமாறுவது இங்கேதான். என்.ஐ.எச். 2019இல் வெளியிட்ட வரையறையில் இருந்த இனப் பட்டியல் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடிகள், ஹவாய் மற்றும் பசிபிக் தீவு மக்கள். ஆசியர் அதில் இல்லை. ஆனால் உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும் பின்தங்கிய சூழலில் வளர்ந்தவர்களுக்கும் இடம் இருந்தது. பெற்றோரில் யாருக்கும் பட்டப்படிப்பு இல்லை, பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி, கிராமப்புறத்தில் வளர்ந்தது போன்றவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டியிருந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்து 2023இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல திட்டங்கள் தகுதி வாசகங்களை மாற்றிக்கொண்டன. அக்கம்பக்கத்துப் பையன் போன வருடம் எப்படிச் சேர்ந்தான் என்பது உதவாது. இந்த வருட அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு, வயது 16 ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

‘டாக்டராக வேண்டும்’ என்று கட்டுரை எழுதுவது

இது ஆய்வுத் திட்டம். தேர்வுக் குழு தேடுவது, கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளையை.

மூன்று குழியை மூன்று சோதனையாக எண்ணுவது

ஆகஸ்ட் மாதப் போஸ்டர் அரங்கில் ஒவ்வொரு வருடமும் இதே காட்சி. அழகான பட்டை வரைபடம், தலையில் மூன்று நட்சத்திரம் (முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதற்கான குறி). நடுவர் வந்து, “உன் ‘என்’ எத்தனை?” என்று கேட்கிறார்; என் (n) என்பது ஒன்றையொன்று சாராத சோதனைகளின் எண்ணிக்கை. “மூன்று” என்கிறாள் மாணவி. “மூன்று என்றால்?” “மூன்று குழி.” செல்களை வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டிலுள்ள சின்னக் குழிகளைச் சொல்கிறாள். நடுவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த போஸ்டருக்கு நகர்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தான் எங்கே சறுக்கினோம் என்பதே தெரிவதில்லை. எட்டு வார உழைப்பு அந்த ஒற்றைப் பதிலில் போய்விடுகிறது. எரிச்சல் அவள்மேல் இல்லை; ஜூன் மாதமே இதைச் சொல்லாமல் விட்டவர்கள்மேல்தான்.

செல்கள் பிழைத்தனவா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனையையே எடுத்துக்கொள்வோம். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 செல், 100 மைக்ரோலிட்டர் ஊடகம் (செல் வளரும் திரவம்). மறுநாள் மருந்து. 48 மணி நேரம் கழித்து ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் கரைத்த எம்.டி.டி. என்ற சாயம் 10 மைக்ரோலிட்டர். மூன்று, நான்கு மணி நேரத்தில் உயிருள்ள செல்கள் அதை ஊதாப் படிகமாக்கும், அதை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் படிக்க வேண்டும்.

மருந்தில்லாத குழியை 100 சதவீதம் என்று கொண்டால், மருந்து போட்ட மூன்று குழிகளில் 78, 80, 79 சதவீதம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100உடன் ஒப்பிட்டு டி-சோதனை என்ற புள்ளியியல் கணக்குப் போட்டால் பி மதிப்பு (மருந்துக்கு விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.001க்கும் கீழே. பிள்ளை துள்ளிக் குதிக்கும். ஆனால் மூன்று குழியும் ஒரே குடுவைச் செல், ஒரே நாள், ஒரே மருந்துக் கரைசல், ஒரே கை. அந்த எண்கள் நெருங்கி நிற்பது திரவம் அளக்கும் பிப்பெட்டைப் பிடித்த கை நிதானமாக இருந்தது என்பதை மட்டுமே காட்டும். மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அடுத்த வாரம் புதிதாக வளர்த்த செல்லில் சராசரி 62, அதற்கடுத்த வாரம் 91 என்று வந்தால்? இப்போது கணக்கில் சேர வேண்டியவை 79, 62, 91 என்ற மூன்று எண்கள் மட்டுமே. சராசரி 77.3, திட்ட விலக்கம் 14.6, பி மதிப்பு 0.11. நட்சத்திரம் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு ‘மருந்து வேலை செய்கிறது’ என்று எழுதியிருந்தால் என்னாவது?

ஒரே நாளில் எத்தனை குழி போட்டாலும் அவற்றின் சராசரி ஒரே ஒரு எண். என் ஏற வேண்டுமானால் வேறு நாள், வேறு பாசேஜ் (செல்லைப் புதுக் குடுவைக்கு மாற்றி வளர்க்கும் சுற்று), புதிதாகக் கலக்கிய மருந்து வேண்டும். சுண்டெலி ஆய்வில் என் என்பது எலி. அதன் ஈரலிலிருந்து வெட்டிய இருபது சீவல்கள் அல்ல. ஐந்து நோயாளிகளின் ரத்தத்தை ஆளுக்கு மூன்று குழாயில் வைத்தாலும் என் ஐந்துதான், பதினைந்து ஆகாது.

இந்தத் தவறு விலை அதிகமாகக் கேட்பது நாள்காட்டியால். திங்கள் விதைத்து, செவ்வாய் மருந்திட்டு, வியாழன் படித்தால் ஒரு வாரத்துக்கு ஒரு சோதனை. மூன்று சோதனைக்கு மூன்று வாரம். எட்டு வாரத்தில் முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சிக்கும் அடையாள அட்டைக்கும் போய்விடும், கடைசி வாரம் போஸ்டருக்கு. நடுவில் ஜூலை 4 விடுமுறை. உறைபெட்டியிலிருந்து எடுத்த செல் சோதனைக்குத் தயாராக இரண்டு, மூன்று பாசேஜ் ஆகும். அதுவே ஒன்றிரண்டு வாரம். ஒரு தடவை பூஞ்சை புகுந்தால் அந்த வாரம் காலி. ஆகவே முதல் வாரமே மென்ட்டரிடம் இரண்டு கேள்வி: “செல்லை எப்போது எடுத்து வளர்க்கப் போகிறோம்? என் மூன்று ஆக எந்தெந்தத் திங்கட்கிழமை?” அந்தத் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஜூலை கடைசியில் கேட்டால் மென்ட்டரிடமும் வாரம் மிச்சம் இருக்காது.

மூன்று வாரம் கிடைக்கவில்லை என்றாலும் போஸ்டர் போடலாம். ‘என் = 1, ஆரம்ப நிலைத் தரவு’ என்று எழுதி, நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். நடுவர்கள் அதை மதிக்கிறார்கள்.

கட்டுப்பாட்டுக் குழியில் வெறும் ஊடகம் ஊற்றுவது

மருந்தை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தீர்கள் என்றால், மருந்தில்லாத குழிக்கும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. போக வேண்டும். இல்லாவிட்டால் செல்லைக் கொன்றது மருந்தா, கரைப்பானா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஓரக் குழிகளை நம்புவது

அங்கே ஊடகம் ஆவியாகும். ஓரத்து 36இலும் உப்புக் கரைசல் ஊற்றி, உள்ளே 60ஐ மட்டும் பயன்படுத்துங்கள்.

பிப்பெட்டில் இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சுவது

உறிஞ்ச முதல் நிறுத்தம். வெளியேற்ற இரண்டாவது.

பாசேஜ் எண்ணையும் மருந்தின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் குறிக்காமல் விடுவது

மூன்றாம் வாரம் எண்கள் ஏன் மாறின என்று தேடும்போது கையில் இருப்பது நோட்டு மட்டும்தான்.

அறிவியல் போட்டிக்கான படிவங்களைப் பிறகு பார்த்துக்கொள்வது

இதே ஆய்வை ஐசெஃப் (பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல் போட்டி) வரிசைப் போட்டிக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஆய்வுத் திட்டத்தையும் தொடக்கப் படிவங்களையும் சோதனைக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். மனிதர், முதுகெலும்புள்ள விலங்கு, ஆபத்து தரக்கூடிய நுண்ணுயிர் அல்லது திசு என்றால் முன் அனுமதியும் வேண்டும். செப்டம்பரில் ஓடிப்போய்ப் பின்தேதி போட்டு வாங்க முடியாது, தகுதி நீக்கம்தான். படிவம் 1சி மட்டும் சோதனை முடிந்தபின், மேற்பார்த்தவர் நிரப்பித் தருவது. வெளியிடாத தரவை வெளியே காட்டலாமா என்பதையும் ஆய்வகத் தலைவரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்; ஆகஸ்டில் அவர் மாநாட்டுக்கோ விடுமுறைக்கோ கிளம்பியிருப்பார்.