திடீரென்று தூண்டிலுக்குக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தூண்டில் போடுகிற நம்மில் பெரும்பாலானோருக்கு முழு நாள் கிடைப்பதில்லை. ஆபீஸுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், இல்லையென்றால் ஞாயிறு சாயங்காலம் விருந்தாளிகளை அனுப்பிவிட்டு இருட்டும்வரை கொஞ்ச நேரம். கடலோ நம் வசதியைப் பார்த்து ஏறி இறங்காது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அந்த நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முட்டுக்காடு முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே மணிக்கு வற்றிக்கொண்டிருக்கும். ஆகவே நேரமும் தண்ணீரும் ஒன்றாகக் கூடி வரும்போது பத்து நிமிடத்தில் வீட்டை விட்டு இறங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

அந்தப் பத்து நிமிடத்தில் எதையும் தயார் செய்ய முடியாது. தயார் செய்யும் வேலை, போன முறை திரும்பி வந்த அன்றே முடிந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, களைத்து வந்து பையை அப்படியே மூலையில் வைத்துவிட்டுப் படுப்பதில் தொடங்குகின்றன.

உப்போடு படுக்கப் போவது

நம் ஊரில் தூண்டில் சாமான்களுக்கு முதல் எதிரி உப்பு. கடல் உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருடம் முழுக்கப் புழுக்கமாக இருக்கிற சென்னையில், நேற்று காய்ந்ததாகத் தெரிந்த, தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் இன்று ராத்திரி மறுபடி உள்ளே ஈரமாகிவிடும். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் கைப்பிடி கரகரவென்று சுற்றும்.

கழுவுவதிலும் தவறுகள் உண்டு. முதலாவது, ரீலை வாளித் தண்ணீரில் முக்குவது. மேலே இருக்கும் உப்பு கரைந்து, அந்தத் தண்ணீரோடு பேரிங்குக்குள் போய்விடும். இரண்டாவது, வண்டி கழுவுகிற ஹோஸை வேகமாகத் திறந்து அடிப்பது. மணலையும் உப்பையும் அதுவே உள்ளே தள்ளிவிடும். டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக வெளியே விடுகிற பிரேக்கை) நன்றாக இறுக்கிவிட்டு, குழாயை மெல்லிசாகத் திறந்து, ஒரு நிமிடம் போல் மேலாகக் காட்டினால் போதும். பின்னிய நரம்பான பிரெய்டின் இழைகளுக்கு நடுவில்தான் கடல்நீர் அதிகம் தங்கும் என்பதால், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் மேல் இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடலாம். அப்புறம் தண்ணீரை உதறி, டிராகைத் தளர்த்தி, ஃபேன் காற்றில் வைக்க வேண்டும். இறுக்கிய டிராகோடு மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அமுங்கிப் போகும். பிறகு மீன் இழுக்கும்போது நரம்பு சீராக வெளியேறாமல், திக்கித் திக்கி வந்து அறுந்துவிடும்.

கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீலாங்கரை, பாலவாக்கம், எண்ணூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு கரிக்கும். அதில் கழுவிப் பயனில்லை. மெட்ரோ வாட்டர் ஒரு சொம்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்; குழாயில் வருவதைவிட அதில் உப்பு அதிகம்.

ரீலில் முதலில் கெட்டுப்போவது எது தெரியுமா? நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடுகிற பெய்ல் கம்பியின் ஓரத்தில், நரம்பு திரும்புகிற இடத்தில் இருக்கும் கடலை அளவு உருளை. ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஈர நரம்பு அதன் மேல்தான் ஓடுகிறது. உப்பு முழுவதும் அங்கேதான் வடிகிறது. சோதிப்பது சுலபம். நரம்பை அதன் மேல் போட்டு, இரண்டு பக்கமும் விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். உருளை கூடவே சுற்ற வேண்டும். அது நின்றபடி இருக்க நரம்பு மட்டும் வழுக்கிக்கொண்டு போனால், உள்ளே உப்பு கட்டிவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும், பிரெய்டு பஞ்சு பஞ்சாகப் பிரியும், உருளையிலும் நாளடைவில் கோடு விழும். வெந்நீர் வேண்டாம்; கிரீஸ் இளகி வெளியே வந்துவிடும். சாதாரணத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் சுழற்றிச் சுழற்றி உப்பைக் கரைத்து, காய்ந்ததும் ஒரே ஒரு சொட்டு ரீல் ஆயில் விட வேண்டும். அது கைவசம் இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. நாள்பட்டால் பிசினாகி இறுகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிப்பதும் தவறுதான். அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து எடுத்துவிடும்.

தூண்டில் கழியான ராடையும் மறக்கக்கூடாது. ஈரத்தோடு உறைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினால் வளையங்களின் அடியில் துரு பிடிக்கும், மேற்பூச்சு கொப்பளிக்கும். துடைத்து, ஒரு ராத்திரி வெளியே நிற்க வைத்துவிட்டு உறையில் போடுங்கள். இரண்டு துண்டையும் மாட்டியபடியே மாதக்கணக்கில் விட்டால் பொருத்து இறுகிக்கொள்ளும். அதைப் பிரிக்கத் திருகும்போதுதான் பல ராடுகள் உடைகின்றன. பொருத்துகிற இடத்தில் சாதாரண மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் இறுகவும் செய்யாது, வீசும்போது கழன்று போகவும் செய்யாது.

இருக்கிற எல்லாவற்றையும் ஒரே பையில் அடைப்பது

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேர்த்துக்கொண்டே போனால் பை எட்டுக் கிலோ ஆகிவிடும். படகில் போகும்போது எடுக்கிற ஜிக் என்ற உலோக இரை, ஏரிக்கு விரால் பிடிக்கப் போடுகிற தவளை லூர் (செயற்கை இரை), பழைய ஈயக்குண்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வேண்டியது மட்டும் கைக்கு வராது. அதைவிட மோசம், பெரிய பயணத்துக்காக அந்தப் பையிலிருந்து கத்தரியையும் இடுக்கியையும் உருவிக்கொண்டு போய், திரும்ப வைக்க மறப்பது.

சின்னப் பயணத்துக்கென்று தனியாக ஒரு பை வேண்டும். அதிலிருந்து எதையும் கடன் எடுக்கக்கூடாது. முகத்துவாரத்துக்கும் கரைக்கும் எட்டடி ராடு ஒன்று, 3000 அல்லது 4000 அளவு ரீல், 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதன் நுனியில் கட்ட 30 பவுண்டு தாங்கும் தடித்த நரம்பான லீடர் ஒரு சுருள் போதும். ஒரே ஒரு பெட்டியில் 10 முதல் 14 கிராம் வரை ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த முள்) நாலைந்து, அதில் மாட்டச் சாஃப்ட் பிளாஸ்டிக் எனப்படும் மெத்தென்ற இரை, 20, 30 கிராமில் மெட்டல் ஜிக் இரண்டு, மேலே ஓடுகிற லூர் ஒன்று. இரை போட்டுப் பிடிக்கத் தூண்டில் முள், ஈயம், நரம்பு முறுக்காமல் சுழல்கிற இணைப்பான ஸ்விவல் கொஞ்சம். கொடுவா, செப்பிலி, பாறை, கிழங்கான் எது வந்தாலும் சமாளிக்க இது போதும். இதில் இல்லாதது தேவைப்பட்டால், அது வேறு ஒரு நாளுக்கான பயணம் என்று விட்டுவிடலாம்.

பயன்படுத்திய லூரை ஈரத்தோடு பெட்டிக்குள் திரும்பப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒரே ஒரு துருப்பிடித்த முள் போதும், ஒரு மாதத்தில் பெட்டி முழுக்கப் பழுப்பாகிவிடும். சின்ன வலைப்பை ஒன்று வைத்துக்கொண்டு, தண்ணீரில் பட்டதை எல்லாம் அதில் போடுங்கள். வீட்டில் அந்தப் பையோடு குழாயில் காட்டி, காய வைத்து, மறுநாள் பெட்டிக்கு மாற்றலாம். சாஃப்ட் பிளாஸ்டிக்கில் வேறு வேறு வகைகளைக் கலந்து வைக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். வந்த கவரிலேயே வைப்பது நல்லது.

டிக்கி, பால்கனி, சீலிங் ஃபேன்

எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாமே என்று பையைக் கார் டிக்கியிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. யோசனை நல்லதுதான், ஆனால் ஏப்ரல், மே வெயிலில் நிற்கிற காருக்குள் பிளாஸ்டிக் இரை உருகி, லூரின் பெயின்ட் உரிந்து, ஒட்டு விட்டுப்போகும். பால்கனியில் மாட்டினால் வெயில் படும். நைலான் நரம்பான தங்கூசி வெயிலில் வலுவிழக்கும், அதுவும் பார்வைக்குத் தெரியாமல். கதவுக்குப் பக்கத்தில், நிழலில், காற்றோட்டமாக ஓர் இடம் பார்த்து அதை நிரந்தரமாக்கிவிடுங்கள்.

ராடின் நுனி மீனால் உடைவதைவிடக் கதவிடுக்கிலும் சீலிங் ஃபேனிலும் உடைவதே அதிகம். ஹாலில் நின்று முழு ராடையும் மாட்டிப் பார்க்காதீர்கள். பைக்கில் போகிறவர்கள் செங்குத்தாகக் கட்டிக்கொண்டு போனால் தெருக்களில் தொங்குகிற கேபிள் ஒயரில் மாட்டும். நாலாகப் பிரிகிற ராடு வாங்கினால் முதுகுப்பையிலேயே அடங்கிவிடும். கார்பன் ராடில் மின்சாரம் பாயும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மின்கம்பிக்கு அடியில் வீசக்கூடாது. இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும்; ஐப்பசி, கார்த்திகையில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

கரையில் போய் முடிச்சுப் போடுவது

முகத்துவாரத்தில் அடிக்கடி காண்பது இது. அரை இருட்டு, காற்று, கையில் மெல்லிசுப் பிரெய்டு. லீடர் முடிச்சுக்காகக் கால் மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ‘இன்னா தம்பி, தண்ணி திரும்பிடுச்சே’ என்று வலைக்கார அண்ணன் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார்.

லீடரை வீட்டிலேயே, வெளிச்சத்தில், பொறுமையாகக் கட்டி, நன்றாக இழுத்துப் பார்த்து, ஸ்பூலில் சுற்றி வைத்துவிடலாம். இரை போட்டுப் பிடிப்பவர்கள் முள்ளும் ஈயமும் கட்டிய நரம்புகள் ஐந்தாறு தயார் செய்து ஓர் அட்டையில் சுற்றி வைத்தால், அறுந்தவுடன் ஸ்விவலில் மாட்ட வேண்டியதுதான். பாலத் தூண்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பி பிரெய்டை நொடியில் அறுத்துவிடும். கொடுவாவின் செவுள் மூடியும் பிளேடு மாதிரி. இந்த இரண்டுக்காகவும்தான் தடித்த லீடர். அதில் சொரசொரப்பு ஏறியிருக்கிறதா என்று திரும்பி வந்த அன்றே நகத்தால் வருடிப் பார்த்து, ஏறியிருந்தால் வெட்டி மாற்றிவிட வேண்டும். முள் நுனியையும் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் சரி, வழுக்கினால் மாற்ற வேண்டும். ராடின் வளையங்களுக்குள் பஞ்சைச் சுழற்றினால் விரிசல் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அந்த விரிசல் தெரியாமல் நரம்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அது அறுந்துகொண்டேதான் இருக்கும்.

இரையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இறாலைத் தோலோடு கல்லுப்பு தூவி, சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் சில வாரம் தாங்கும். உப்பு ஏறிய சதை முள்ளிலும் உறுதியாக நிற்கும். மண்புழுவைச் சேர்த்து வைக்கப் பார்க்காதீர்கள்.

எங்கே போவது என்பதையும் கிளம்பிய பிறகு யோசிக்கக்கூடாது. துறைமுகப் பகுதிகளில் அனுமதி இல்லை. குடிநீர் ஏரிகளிலும் குத்தகை விட்ட ஏரிகளிலும் கேட்காமல் தூண்டில் போடக்கூடாது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே தூண்டிலோடு போவதை நினைக்கவே வேண்டாம். வட சென்னைக் கரையில், கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் மேல் நின்று போடுபவர்கள், பாசியில் வழுக்காத செருப்பும், கிளம்புமுன் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்கோயிஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையை ஒரு முறை பார்க்கும் பழக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றே இல்லாத நாளிலும் தூரத்திலிருந்து வருகிற பெரிய அலைகள் அந்தக் கற்களின் மேல் ஏறும்.

சின்னப் பயணம்தானே என்று விட்டுவிடுபவை

ஒரு மணி நேரத்துக்கு எதற்கு என்று இடுக்கியை விட்டுவிட்டுப் போவார்கள். லூரில் இருக்கும் மூன்று முனை முள் விரலில் ஏறினால் அதை வெட்டக்கூடிய கட்டர் கையில் இருக்க வேண்டும். இடுக்கியும் துருப்பிடிக்கும்; அசைத்துப் பார்த்து எண்ணெய் விட்டு வையுங்கள். கெளுத்தி மாட்டினால் வெறும் கையால் பிடிக்கக்கூடாது. முதுகிலும் இரண்டு பக்கத்திலும் இருக்கும் முட்களில் விஷம் உண்டு. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். கரையோர டீக்கடையில் கேட்டால் வெந்நீர் கொடுப்பார்கள். குத்தாத இன்னொரு கையை விட்டுச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் சூடு தெரியாது. முள் உள்ளே உடைந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

தலை விளக்கில் பேட்டரியை மாதக்கணக்கில் விட்டால் கசிந்து கெட்டுப்போகும். அந்த விளக்கு சிவப்பு வெளிச்சமும் தருவதாக இருக்கட்டும். ஜனவரி முதல் ஏப்ரல்வரை பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரைவரை, அதையும் தாண்டி, சித்தாமை எனப்படும் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. வெள்ளை வெளிச்சம் பொரித்த குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். அதே கரையில் நாம் வெட்டிப் போடுகிற நரம்பு மக்குவதில்லை. ஆமையின் துடுப்பிலும் பறவைகளின் காலிலும் சுற்றிக்கொள்ளும். ஆகவே பையின் வெளி ஜிப்பில் ஒரு பழைய மாத்திரை டப்பாவை வைத்து, வெட்டும் நரம்பு ஒவ்வொன்றையும் அதில் திணித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் குப்பையில் போடலாம். அந்தச் சமயத்திலேயே என்ன முள் தீர்ந்தது, எத்தனை ஈயம் போனது என்று போனில் குறித்து, அந்த வாரமே கடையில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.