குட்டி டாங்கி வாங்கும் முன்

போன ஞாயிறு, இங்கிலாந்தில் ஒரு கார் பூட் சந்தையில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை), ஒரு தம்பி உள்ளங்கை அளவு பீங்கான் டாங்கியை நீட்டி, "அண்ணா, சோம் போர்க்கள மண்ணில செஞ்சதாம்" என்றான். சோம் என்பது முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த போர்க்களம்; இந்த டாங்கிகள் அந்தக் காலத்தில் ஊர்ச் சின்னம் போட்டு விற்ற நினைவுப்பொருள்கள். இதே கதைக்கு ஒரு காலத்தில் நானும் பணம் கொடுத்திருக்கிறேன். விரிசல், உடைசல் பார்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

போர்க்கள மண் என்று நம்புவது

இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வட்டாரத்துச் சூளைகளில் வெந்த பீங்கான்.

வால் இல்லாத டாங்கி

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். 1916இல் களத்துக்கு வந்த டாங்கிகளுக்குப் பின்னால், திருப்புவதற்கென்று வால் மாதிரி இரண்டு சக்கரங்கள் இருந்தன. பிறகு அவற்றை எடுத்துவிட்டார்கள். பீங்கான்காரர்கள் இரண்டு வகையுமே செய்தார்கள். சக்கரம் வைத்ததில் முதலில் ஒடிவது அந்தச் சக்கரம்தான்.

நான் 40 பவுண்டு கொடுத்து வாங்கியது "சக்கரமில்லாத வகை". வீட்டில் வெந்நீரில் ஊறப்போட்டேன். அரை மணி நேரத்தில் பின்பக்கம் பாலாடை மாதிரி ஒரு பூச்சு சுருண்டு வந்தது. அடியில் அழுக்கேறிய இரண்டு தழும்புகள், சொரசொரவென்று. யாரோ ஒடிந்த அடியை ராவி, பசை வைத்து, வெள்ளை அடித்திருக்கிறார்கள். விற்றவரை மறுவாரம் தேடினேன். ஆளே இல்லை.

சந்தையில் ஊறப்போட விடமாட்டார்கள். அதனால் பின்பக்கத்தைப் பல்லில் லேசாகத் தட்டிப் பாருங்கள். பீங்கான் 'டிக்' என்று கேட்கும், பூச்சு மொத்தென்று இருக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். புற ஊதா டார்ச் இருந்தால், ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

தேதி தப்பென்று ஒதுக்குவது

பல டாங்கிகளில் '1916 செப்டம்பர், ஆங்க்ர் போரில் முதன்முதலாக' என்று எழுதியிருக்கும். டாங்கி முதலில் இறங்கியது செப்டம்பர் 15, ஃப்ளேர்-கூர்சலெட்டில். ஆங்க்ர் போர் நடந்தது நவம்பரில். ஆனால் அது அந்தக் காலத்துப் பிழையே. போலி என்று கீழே வைத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் 'காஸ்' என்பது

காஸ் என்பது ஒரு பீங்கான் கம்பெனியின் பெயர். அடியில் பருந்து முத்திரையும் அந்தப் பெயரும் இருந்தால்தான் காஸ். ஆர்க்கேடியன், கார்ல்டன், ஷெல்லி எல்லாம் வேறு வேறு பிராண்டுகள்.

பாத்திரம் கழுவும் மெஷின்

பொன்முலாம் போய்விடும். வேண்டாம்.

நகரச் சின்னத்தைக் கவனிக்காதது

டாங்கி பிறந்த ஊர் லிங்கன். அந்த ஊர்ச் சின்னம் போட்ட டாங்கிக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன். தம்பி வைத்திருந்ததில் ஏதோ கடற்கரை ஊர்ச் சின்னம், ஒரே ஒரு சக்கரம். எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பர்ஸைத் திறந்தான்.