உகாலி கிண்டுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நைரோபிக்கு வேலைக்கு வரும் நம் பையன்கள் முதல் மாதமே உகாலி என்கிற கென்யாக் களியைக் கிண்டிப் பார்க்கிறார்கள். மக்காச்சோள மாவும் தண்ணீரும்தானே, இதில் என்ன இருக்கிறது என்ற துணிச்சல். பதினோரு வருடத்துக்கு முன் எனக்கும் இருந்தது. போன ஞாயிறு கீழ்வீட்டுத் தம்பி கிண்டியதைப் பார்த்தபோது என் பழைய கூத்தையே திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. அடிபிடிக்கும், கை சுடும் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது ஒரு தடவையில் தானாகப் புரியும்.

மாவு

ஊரில் 'கார்ன்ஃப்ளார்' என்று விற்பது வெறும் மாவுச்சத்து. கிண்டினால் பசைதான் வரும். இங்கே கடையில் 'உங்கா' என்று கேளுங்கள், 2 கிலோ பொட்டலமாகத் தருவார்கள். பூசண வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஈரத்தோடு அடைத்துவைத்த மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேரும், வேகவைத்தாலும் போகாது. 2004-ல் கிழக்குக் கென்யாவில் 125 பேர் அதனால் செத்தார்கள்.

உப்பு

போடாதீர்கள். தொட்டுக்கொள்வதில் இருக்கிறது.

திரண்டதும் இறக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிகம் விழுகிறவர்கள் களி கிண்டத் தெரிந்தவர்கள்தான். ஈரக்கையால் தொடுவார்கள், ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். மாவு கொஞ்சம் கூடிவிட்டால் உகாலி வேகாமலே கையில் ஒட்டாது. தொட்டுப் பார்ப்பது இங்கே ஏமாற்றும்.

நான் ஏமாந்தது ஒரு சனிக்கிழமை, ஆபீஸ்காரர்கள் நாலு பேரைச் சாப்பிட அழைத்திருந்த அன்று. ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாகவே வந்திருந்தது. உகாலியைத் தட்டில் கவிழ்த்தேன், கோயில் கலசம் மாதிரி நின்றது. கிள்ளினார்கள், உருட்டினார்கள், கட்டைவிரலால் குழி செய்து குழம்பை அள்ளினார்கள். அப்புறம் மெல்வது மெதுவானது. அடுத்த கிள்ளலுக்கு யாரும் கை நீட்டவில்லை. கறியை மட்டும் தின்றார்கள். எங்களில் மூத்த அம்மா ஒருவர் எழுந்து, "இது இன்னும் மாவுதான்" என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்ப் புதிதாக உலை வைத்தார். ஆறிய கட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினால் ஓரம் கருகும், நடு வேகாது. முழுப் பொட்டலத்து மாவும் குப்பைக்குப் போனது. பச்சை மாவு தின்ற என் வயிறு விடியும்வரை உப்பிக் கிடந்தது.

அன்று அவர் செய்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு கப் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒன்றரை கப்பில் தொடங்கி இரண்டு கப் வரை மாவு பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். ம்விக்கோ என்கிற தட்டையான மரத்துடுப்பால் சுஃபுரியாவின், அதாவது பாத்திரத்தின், சுவரோடு வைத்து அழுத்தி, புரட்டி, மறுபடி அழுத்த வேண்டும். தோள் வலிக்கும். திரண்ட பிறகுதான் பாதி வேலையே: தீயைக் குறைத்து மூடி, நாலைந்து நிமிடம் விட்டுப் புரட்டி, மறுபடி மூடுங்கள். சோளக்கதிர் சுடும் வாசனை வந்து, கட்டி சுவரைவிட்டு விலகினால் இறக்கலாம்.

இளகிவிட்டதே என்று கடைசியில் ஒரு பிடி மாவு தூவி இறக்குகிறவர்களும் இதே கேஸ்தான். தூவினால் அதையும் வேகவிடுங்கள்.

சுகுமா விக்கி

'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம்; உகாலிக்குத் தொட்டுக்கொள்ள, கையில் காசு இல்லாத நாட்களை ஓட்டிவிடுகிற கீரை. கடுகு, தேங்காய் எல்லாம் வேண்டாம். வெங்காயம், தக்காளி, உப்பு, ஐந்து நிமிடம். மூடி வேகவைத்தால் நிறம் செத்துவிடும். இலையை நூலாக அரிய வேண்டும். தெருமுனை மாமா ம்போகா, அதாவது காய்கறிக்கார அம்மா, இலைகளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடியே அரிந்து தருவார். அந்த வேகத்தை வீட்டில் முயன்று விரலை நறுக்கிக்கொள்ளாதீர்கள்.

முள்கரண்டி

வேண்டாம்.

மிச்சம்

மறுநாள் காலை டீயோடு சாப்பிடுகிறார்கள், நன்றாகவே இருக்கும். கீழ்வீட்டுத் தம்பியின் மிச்சத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திங்கட்கிழமை காலை அவன் வாசல் குப்பைக்கூடையில் கலசம் உடையாமல் அப்படியே இருந்தது.