இங்கிலாந்தின் பாத் நகரை ஒரே பகலில் பார்த்துத் திரும்புவது எப்படி?

முதலில் ரயில். லண்டன் பேடிங்டனிலிருந்து பாத் ஸ்பா நிலையத்துக்கு நேரடி வண்டியில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். காலை நெரிசல் தணிந்தபின் கிளம்பினால் கட்டணம் குறைவு. வழியிலுள்ள டிட்காட் பார்க்வே நிலையம் வரை ஒரு சீட்டும் அங்கிருந்து பாத் வரை இன்னொன்றுமாகப் பிரித்து வாங்கினால் செலவு மேலும் குறைவதுண்டு.

பிற்சேர்க்கை: இப்படிப் பிரித்து வாங்கினால் டிட்காட்டில் இறங்க வேண்டுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். டிட்காட்டில் இறங்கி ஏற வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் செல்லும் வண்டி அங்கு நின்றாக வேண்டும். நிற்காத வண்டியில் அவ்வாறு பிரித்து வாங்கிய சீட்டுகள் செல்லாது.

அடுத்து ரோமானியர் குளியல் கூடம். நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சீட்டுடன் கிடைக்கும் ஒலிவழிகாட்டியை வேண்டாமென்று விடாதீர்கள். கைபேசியில் தேடித் தேடிப் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

புதிதாக வருவோர் நேரத்தைத் தவறான இடத்தில் செலவிடுவது இங்கேதான். நுழைந்ததும் வருவது, கீழே பச்சை நீர் தெரியும் மேல்தளம். அங்கு வரிசையாக நிற்கும் பேரரசர் சிலைகளோடு படம் எடுத்தே அரைமணி போய்விடும். அச்சிலைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்டவை. தளமும் 1897இல் திறக்கப்பட்டதே. ரோமானியர் விட்டுச்சென்றதைக் காணக் கீழே இறங்க வேண்டும். தூண்களின் அடிப்பீடங்களே பழையவை, அவற்றுக்கு மேல் எழுவதெல்லாம் பிற்காலக் கட்டுமானம். 1.6 மீட்டர் ஆழமுள்ள குளத்தின் தரையில் அவர்கள் பதித்த 45 ஈயத் தகடுகள் இன்றும் நீரைக் கசியவிடாமல் காக்கின்றன. 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் பொங்கும் ஊற்றின் மிகுநீர் வழிந்தோடும் இடத்தில், இரும்புச்சத்து படிந்து கல் செம்மஞ்சளாகியிருக்கும். அதன்மேல் ஆவி பறக்கும். குளத்தின் பச்சை நிறத்துக்குக் காரணம், கூரையில்லாததால் வெயில் பட்டு வளரும் பாசி. சுத்திகரிக்கப்படாத நீர் என்பதால் கை நனைக்கக் கூடாது. அருங்காட்சியகப் பகுதியில், திருடர்களைத் தண்டிக்கும்படி சூலிஸ் மினெர்வா தேவியிடம் முறையிட்டு ஈயத் தகடுகளில் கீறிய சாபங்களைப் பாருங்கள்; கையுறைகளைப் பறிகொடுத்த ஒருவர், எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று வேண்டியிருக்கிறார்.

வெளியே வந்தால் எதிரே பாத் அபே தேவாலயம். முகப்பில் கல் ஏணிகளில் ஏறும் தேவதூதர்களைப் பார்த்துவிட்டு, உணவுக்குப் பின் கே வீதி மேட்டில் ஏறுங்கள். தட்டையான காலணியே உகந்தது. மேலே வரும் சர்க்கஸ், மூத்த ஜான் வுட் வடிவமைத்து 1754இல் கட்டத் தொடங்கிய வட்ட வீதி. அங்கிருந்து சற்று நடந்தால் அவருடைய மகன் 1767இல் தொடங்கிய ராயல் கிரெசென்ட், பிறை வடிவில் 30 வீடுகள். புல்வெளியில் நின்று முன்புறத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் பின்பக்கத் தெருவுக்கும் செல்லுங்கள். முகப்பு மட்டுமே ஒரே வடிவமைப்பு. அதன் பின்னால் வீடுகளை அவரவர் விருப்பப்படி கட்டிக்கொண்டதால், கூரைகளும் சன்னல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும்.

இறங்கும் வழியில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த புல்டனி பாலம். இருபுறமும் கடைகள் இருப்பதால் மேலே நடப்போருக்கு அது பாலமென்றே தோன்றாது. ஆற்றங்கரைக்கு இறங்கி, தடுப்பணைப் பக்கமிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து ரயில் நிலையம் அருகில்தான்.

வெந்நீர் ஊற்றில் குளிக்க விரும்புவோருக்கு 2006இல் திறந்த தெர்மே பாத் ஸ்பா இருக்கிறது. அதன் முதன்மைக் குளியல் பகுதியில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அனுமதியில்லை. ஒரு குளியலுக்கே இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், அன்றே குளிப்பதென்றால் மேட்டு வீதிகளை விட்டுவிட நேரும். நானாக இருந்தால் குளியலைத்தான் விடுவேன்.